ருஷ்ய மொழியில் ஆமாம் போட்டவள்

இலங்கையில், மாத்தளையிலிருந்து போனால் நாலந்தாவுக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டோரத்தில் இருக்கும் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். கறுவா, ஏலம், சாதிக்காய் எல்லாவற்றையும் மரத்திலும் செடியிலும் பார்ப்பார்கள். பிறகு கடைக்குள் போய் எண்ணெயும் தூளும் வாங்குவார்கள். அவர்களைக் கூட்டிப்போய் விளக்கம் சொல்கிறவர்கள் வேறு ஆட்கள். ஆறு வருஷமாக நான் பின்பக்கம் பொதி கட்டும் அறையில் இருந்தேன். அங்கே வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

ருஷ்ய மொழி பேசத் தெரிந்த ஆள் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவரை நாங்கள் மாத்தயா என்போம். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும் என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

“சீசனுக்கு மூணு மாசம் இருக்கு. ருஷ்யன் படிச்சுக்க” என்றார் சிங்களத்தில். பொதி கட்ட மெஷின் வருகிறது, இனி அந்த அறைக்கு இரண்டு பேர் போதும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். படித்தால் வேலை, படிக்காவிட்டால் எல்கடுவ மலையில் அம்மாவோடு தேயிலைக் கொழுந்துக் கூடை. “சரிங்க மாத்தயா” என்றேன். முடியுமா என்று யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

போன்தான் எனக்கு வாத்தியார். அதில் ஒரு ருஷ்யப் பெண் சிரித்துக்கொண்டே வினைச்சொற்களைச் சொல்லிக் கொடுப்பாள். நான் வேலை செய்கிறேன் என்றால் ‘யா ரபோத்தாயு’. நீ என்றால் ‘ரபோத்தாயிஷ்’. அவன் என்றால் ‘ரபோத்தாயித்’. ஆளுக்கு ஆள் வால் மாறும். செய்கிறேன், செய்கிறாய் என்று நம் தமிழிலும் மாறத்தானே செய்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என்னோடு பொதி கட்டிய சிங்களத் தோழி அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். அவர்கள் பேச்சில் நான் போனாலும் நீ போனாலும் ஊரே போனாலும் ‘யனவா’ ஒன்றுதான். “நீ என்ன பாவம் செஞ்சதுக்கு ஒனக்கு இது?” என்றாள்.

ஒரு வகையைப் பாடம் செய்து நிமிர்ந்தால் இரண்டாவது வகை வந்தது, அதற்கு வேறு வால்கள். அதைப் பிடித்தால் எதற்கும் அடங்காத சில சொற்கள். அரைப்பது என்ற வினை அப்படிப்பட்டது. மிளகும் கராம்பும் அரைக்கிற இடத்தில் இருந்துகொண்டு அதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியுமா? பஸ்ஸில் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டே வருவேன். பக்கத்தில் இருந்த ஒரு சிஸ்டர், ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்து எனக்காக ஒதுங்கி இடம்விட்டார். நானும் மறுக்கவில்லை. ஒரு வகையில் ஜெபம்தான், பயத்தில் சொன்னது.

மூன்றாம் மாசம் என் விளக்கம் முழுவதும் மனப்பாடம். நிகழ்காலத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது, தேவையும் இல்லை. நாங்கள் உரிக்கிறோம், நாங்கள் காயவைக்கிறோம், நாங்கள் அரைக்கிறோம். அதற்கு மேல் ஒரு சொல் யாராவது கேட்டால் நான் செத்தேன்.

கேட்டார்கள். முதல் கூட்டமே கேட்டது. அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். அம்மா வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு நடக்கும், வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டம். தோட்டத்து மேனேஜரான துரை இங்கிலீஷிலோ சிங்களத்திலோ ஏதாவது சொன்னால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும், “சரிங்க தொர” என்று தலையாட்ட வேண்டும். என்னங்க என்று திருப்பிக் கேட்டால் ஏச்சு விழும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாவின் தலையைப் பார்த்தே என் தலையும் ஆடக் கற்றுக்கொண்டது. ருஷ்யர்களிடமும் அதையே செய்தேன். எது கேட்டாலும் சிரித்த முகத்தோடு ‘தா, தா’. ஆமாம், ஆமாம். அவர்களும் சிரித்துவிட்டு அடுத்த மரத்துக்கு வந்தார்கள். நன்றாகப் பேசுகிறாள் என்று மாத்தயா மற்றவர்களிடம் சொன்னாராம். அதைக் கேட்ட பிறகு பயம் இரட்டிப்பானது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு மாத்தளையில் சீனி வியாதி கிளினிக். அவரைக் கிளினிக் வாசலில் விட்டுவிட்டுத் தம்புள்ளை பஸ்ஸில் ஏறி வேலைக்கு வந்தேன். பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. சுற்றிக் காட்டி முடித்து வாங்குப் பலகைகளில் உட்காரவைத்து, வழக்கம்போல் கொக்கோ பானம் கொடுத்தோம். ஏலமும் கறுவாவும் போட்டு, கஜு, அதாவது முந்திரிப்பருப்பு, அரைத்த பால் சேர்த்தது. காலையில் வந்ததும் அந்தக் கஜுவை அரைத்தவள் நான்தான்.

ஒரு பெண் கோப்பையைக் காட்டி நீளமாக ஏதோ கேட்டாள். என் வயதுதான் இருக்கும். ‘தா’ என்றேன். அவள் மறுபடி கேட்டாள், இந்த முறை மெதுவாக. ஒரு கை தொண்டையில் இருந்தது. ‘தா, தா’ என்று நன்றாகத் தலையாட்டினேன். அவள் நிம்மதியாகச் சிரித்துக் கோப்பையைத் தூக்கினாள்.

தொண்டையில் இருந்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. என்ன கேட்டாள்? சூடாக இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். வேறு எதையும் கேட்டிருக்கலாம். கடை வாசலில், நாலு எட்டுத் தள்ளி, மாத்தயா கையைக் கட்டிக்கொண்டு நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று தெரியாது. கோப்பை உதட்டுக்குப் போய்விட்டது.

“நியெத்! யா நி பனிமாயு!” என்று கத்தினேன். இல்லை, எனக்கு விளங்கவில்லை. அவள் கையைப் பிடித்துவிட்டேன். பானம் அவள் உடுப்பில் சிந்தியது. கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அவள் புருஷன் போனை எடுத்து எதையோ தட்டி, இங்கிலீஷில் வந்ததை என்னிடம் நீட்டினான். இதில் கொட்டை வகை எதுவும் இல்லைதானே, இவள் சாப்பிட்டால் மூச்சு அடைத்துவிடும் என்று இருந்தது. இருக்கிறது என்று சொல்ல ருஷ்ய வார்த்தை ஒன்றும் வரவில்லை. கோப்பையை வாங்கி மண்ணில் ஊற்றினேன். அது அவர்களுக்கு விளங்கியது.

பஸ் போன பிறகு மாத்தயா கூப்பிட்டார்.

“எத்தன நாளா இப்பிடி விளங்காம ஆமா சொல்ற?”

“மொத நாள்லேருந்து, மாத்தயா.”

அவர் வாங்கில் உட்கார்ந்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. “நாளைக்கும் பத்து மணிக்கு ஆள் வருது. மொதல்ல விளங்கலேங்கறதச் சொல்லிட்டு அப்புறம் மத்தத ஆரம்பி” என்றார். வேலை போகவில்லை. சந்தோஷம் மட்டும் வரவே இல்லை. அந்தக் கோப்பை கண்ணுக்குள்ளேயே நின்றது.

எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். “மொதலாளிக்கு முன்னுக்கா வெளங்கலன்னு சொன்ன?” என்று வாயைப் பொத்திக்கொண்டார். மேசையில் கிளினிக்கில் கொடுத்த மாத்திரை உறை இருந்தது. புது மாத்திரை.

“இத எப்பிடிப் போடச் சொன்னாங்க?”

“டாக்டர் நோனா என்னமோ சொன்னாங்க சிங்களத்துல. நல்ல மனுசி, ரெண்டு தரம் சொன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அம்மா சரிங்க என்று தலையை ஆட்டிக் காட்டினார். கொஞ்சம் பெருமையாகவே காட்டினார். உறையில் சிங்களத்தில் எழுதியிருந்தது: ஒரு நாளைக்குப் பாதி, சாப்பாட்டுக்குப் பிறகு. உறைக்குள் எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறைந்தது. அம்மாவைக் கேட்டால், வெறும் வயிற்றில் முழுசாக ஒன்றை அவர் ஏற்கெனவே விழுங்கியிருந்தார்.

அவருக்குச் சோறு போட்டு, உடம்பில் சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டால் கொடுக்கச் சீனித் தண்ணீர் கரைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வியர்க்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டபடியே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு, “மட்ட தேரென்னே நே” என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு விளங்கவில்லை என்பதற்குச் சிங்களம். “சொல்லுங்கம்மா.”

அம்மா எழுந்து போய் லயத்துக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, எனக்கே கேட்காத குரலில், ஒரு தரம் சொன்னார்.