அம்மா மடித்து வைத்த பக்கம்

ஏற்காட்டுச் சர்ச்சில் விசுவாச அறிமுக வகுப்பு; எனக்கு முதல் நாள். கையில் தந்த புதுப் புத்தகத்தின் மை வாசனை என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப்போனது.

தம்பி பிறந்து எட்டாம் நாளே இறந்திருந்தான். காப்பிப் பழம் பறித்த கையோடு இதே வகுப்புக்கு வந்த அம்மா, டீச்சரிடம் கேட்டாள்: "ஏனுங்க, பேரு வெக்கறதுக்கு முன்னாலயே சாமிகிட்ட போன கொழந்தைய அங்க என்னன்னு கூப்புடுவாங்க?"

"அதெல்லாம் பின்னாடி பாடத்துல வரும்மா."

படிக்கத் தெரியாத அம்மா வாராவாரம் புத்தகத்தை என்னிடம் நீட்டுவாள். "வந்துருச்சா கண்ணு?"

கடைசிப் பாடத்திலும் இல்லை. "கண்ணுன்னு கூப்புடுவாங்கன்னு போட்டிருக்குதும்மா" என்றேன். அந்தப் பக்கத்தை மடித்து, புத்தகத்தைச் சாகும்வரை தலையணைக்கடியில் வைத்திருந்தாள்.

இன்று கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். இதிலும் இல்லை.