முடிச்சுப் போட்ட வயர்கள்

திருமழபாடியில் வாடகைக்கு ஓடிய ஒரே கார் தர்மன் அண்ணனுடைய பழைய அம்பாசிடர்தான். கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதல் டிரைவர் அவர். அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம். மெக்கானிக் கை பட்டால் வண்டி கெட்டுவிடும் என்பார். தன் கை பட்டுக் கெட்டதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடியில் வண்டியின் சாவி சுவிட்ச் மக்கர் பண்ணியது. ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் பிடிக்காது. மகள் சிந்தாமணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி கண்டால் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போது வண்டி காலை வாரிவிடக் கூடாதென்றுதான் புது சுவிட்ச் வாங்கிவந்து, பதினெட்டாம் பெருக்கன்று காலையில் வாசலிலேயே வேலையைத் தொடங்கினார்.

பழைய சுவிட்சைக் கழற்றினால் பின்னால் எல்லா வயரும் கறுப்பு. எது எங்கே போகும் என்பது மறக்காமலிருக்க, மாடத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைத் துண்டாக்கி, பேட்டரி வயருக்கு ஒரு முடிச்சு, இன்ஜின் காயிலுக்குப் போகும் வயருக்கு இரண்டு என்று கட்டிவைத்தார். காத்தாயி அண்ணி அன்று மாற்றிய பழைய தாலிக்கயிறு அது என்பது மனுஷனுக்கு உறைக்கவில்லை. பிறகு ஸ்பேனர் இரவல் வாங்க மேலத்தெருவுக்குப் போய்விட்டார்.

பழைய கயிற்றைக் கொள்ளிடத்தில் விடக் கிளம்பிய அண்ணி அதைத் தேடியிருக்கிறார். அது வெட்டுப்பட்டுக் காருக்குள் தொங்கியதைப் பார்த்ததும் பதறிப்போய், எல்லாத் துண்டையும் அவிழ்த்துக்கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார்.

அண்ணன் மேலத்தெருவில் வாய் வளர்த்துவிட்டுத் திரும்பும்போது சிந்தாமணிக்கு வலி எடுத்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நானும் ஓடினேன். காருக்குள் குனிந்தவர் முகம் வெளிறிவிட்டது. கயிறு எங்கே என்று கேட்டார்.

"தாலிக்கயித்த வண்டியில தொங்க வுடலாமா? ஆத்துல வுட்டுட்டேன்," என்றார் அண்ணி.

அண்ணன் வயர்களைக் கையில் அள்ளினார். நிதானமாகப் பார்த்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். உள்ளே மகள் கத்தும்போது நிதானம் எங்கிருந்து வரும்? உத்தேசமாக மாட்டிச் சாவியைத் திருகினார். குப்பென்று புகை வந்தது. வயரெல்லாம் கருகிப்போனது.

மாட்டுவண்டியில்தான் போனோம். கீழப்பழுவூர் போவதற்குள் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. அழவேயில்லை.

வீடு திரும்பியதும் வண்டி ஏன் கிளம்பவில்லை என்று அண்ணி கேட்டார். தான்தான் வயரை மாற்றி மாட்டிவிட்டதாக அண்ணன் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் வேலையில் தப்பென்று ஒப்புக்கொண்டார். ஊர் ஏசியது. அண்ணி அவரோடு பேச்சையே விட்டுவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன்.

"மூச்சு வுட்டுறாத தம்பி. அந்த முடிச்சு எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா உசுர வச்சிருக்க மாட்டா."

அடுத்த ஆடிப்பெருக்கில் அண்ணி பழைய தாலிக்கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"இதையாச்சும் ஒழுங்கா ஆத்துல வுட்டுட்டு வாங்க."

அண்ணன் தலையாட்டிவிட்டு ஆற்றுக்குப் போனார்.