வெள்ளிக்கிழமை வெடித்த ஈஸ்ட்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வேலை ஈஸ்ட்டைக் கொல்வது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பல்கலைக்கழகம் போவேன். அங்கே ஒரு சின்னப் புட்டியில் வெள்ளைப் பொடி இருந்தது. டியாக்சிகுளுக்கோஸ் என்று பெயர். பார்வைக்கும் குணத்துக்கும் குளுக்கோஸ் மாதிரியே இருக்கும், ஓர் ஆக்சிஜன் அணு மட்டும் குறைவு. ஈஸ்ட் அதை நல்ல சர்க்கரை என்று நம்பி உள்ளே விட்டுக்கொள்ளும். பிறகு தன் மேல்சுவரைக் கட்ட முடியாமல் திண்டாடும். சுவர் வளர்வது நின்றுவிடும், உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போகும், கடைசியில் வெடித்துவிடும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

என் ஈஸ்ட் வெடிக்கவில்லை. மாதக்கணக்கில் போலிச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினேன். சனிக்கிழமை காலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் குண்டு குண்டாக, சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணாடிக் குடுவையைச் சுவரில் அடித்திருப்பேன். உடைந்தால் நான்தான் பெருக்க வேண்டும் என்பதால் விட்டேன். நுண்ணோக்கி மற்ற நாட்களில் கிள்ளான்காரச் சீனியர் ஒருவரின் கையில் இருந்தது. அவருடைய அனுதாபம் வேறு.

"பொழைக்க வைக்கிறதுதான் கஷ்டம்னு நெனச்சேன். கொல்றதும் இவ்ளோ கஷ்டமா லா?"

எங்கள் பேராசிரியர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் ஏதாவது காட்டு, இல்லையென்றால் இந்தத் தலைப்பை மூடிவிடுகிறேன் என்றார். தலைப்பு போனால் உதவித்தொகையும் போகும். பந்திங்கில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை எனக்காகக் காத்திருந்தது. அப்பா அதற்குச் சிபாரிசு பிடித்து வைத்திருந்தார். அந்த வேலை மோசமில்லை. ஆனால் நான் தோற்றுப்போய் அங்கே போக விரும்பவில்லை.

அன்று வியாழக்கிழமை. சீனியர் சாப்பிடப் போன நேரத்தில், ஈஸ்ட் தடவிய பழைய கண்ணாடிச் சில்லு ஒன்றை வெறுப்போடு மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓரத்தில் ஒரே ஒரு செல் உடைந்து கிடந்தது. அதன் பக்கத்தில் சின்ன மொட்டு. ஈஸ்ட் குட்டி போடுவது அப்படித்தான், தாயின் பக்கவாட்டில் மொட்டு விட்டு. சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் டியூப் புடைத்து வெடிப்பதுபோல, மொட்டின் நுனியில் உள்ளிருந்ததெல்லாம் பிதுங்கியிருந்தது. சுற்றி இருந்தவற்றில் மொட்டே இல்லை. அவை வளர்ந்து முடித்து, சாப்பிட்டு முடித்து, தூங்கிக்கொண்டிருந்தன. சுவர் கட்டாதவனுக்குப் போலிச் செங்கல் கொடுத்து என்ன பயன்?

தூங்க வைத்தது நான்தான். வெள்ளிக்கிழமை காலையில் வளரப் போட்டுவிட்டு, அம்மாவோடு கோயிலுக்குப் போக வேண்டுமே என்று மத்தியானமே வீட்டுக்கு ஓடிவிடுவேன். மறுநாள் நான் திரும்பிவந்து போலிச் சர்க்கரையை ஊற்றும்போது அவற்றின் வாலிபம் முடிந்திருக்கும். சனிக்கிழமையில் புதிதாகத் தொடங்கவும் வழியில்லை, மதியம் ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆக எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை பகலிலேயே, அவை மும்முரமாக மொட்டு விடும் நேரத்தில் செய்ய வேண்டும்.

இதை அம்மாவிடம் சொல்வதுதான் பெரிய பரீட்சை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எறும்பைக்கூட நசுக்க முடியாது. முட்டை வாசல்படி தாண்டாது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கோயிலுக்கு வராம உயிரைக் கொல்லப் போறியா?"

உன் தோசை மாவிலும் உயிர் இருக்கிறது, அதை வெள்ளிக்கிழமையும்தான் கல்லில் ஊற்றுகிறாய் என்றேன். அது சாப்பாடு என்றார் அம்மா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் கிளம்பிவிட்டேன்.

சீனியரிடம் நுண்ணோக்கியைக் கேட்டபோது, கிள்ளானுக்குச் சீக்கிரம் போக ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷத்தில் உடனே கொடுத்தார். புதுத் திரவத்தில் ஈஸ்ட்டை வளரவிட்டேன். மொட்டுகள் கிளம்பியதும் இரண்டு குடுவையாகப் பிரித்தேன். ஒன்றில் போலிச் சர்க்கரை, மற்றதில் ஒன்றும் இல்லை. பிறகு காத்திருந்தேன். நகம் கடித்தேன். பசித்தது, ஆனால் வெளியே போகப் பயம்.

சாயங்காலம் கண்ணை வைத்தேன். வெடித்திருந்தன! ஒன்று, இரண்டு அல்ல, பார்த்த இடமெல்லாம். மொட்டு இருந்த இடத்தில் எல்லாம் கிழிந்து, வெறும் ஓடுகள் மிதந்தன. மற்றக் குடுவையில் எல்லாம் முழுசாக இருந்தன. நான் ஆய்வகத்தின் நடுவில் நின்று கைதட்டினேன். யாரும் இல்லை, அதனால் இன்னும் பலமாகத் தட்டினேன். அன்றைக்கு அந்தக் கட்டடமே என்னுடையது.

பேராசிரியர் மட்டும் தன் அறையில் இருந்தார், ஓடிப்போய் அழைத்தேன். வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். இரண்டாவது குடுவையின் சில்லையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"ஃபோட்டோ எடுத்துக்கோ. தலைப்ப மூட வேணாம்."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும். வீட்டில் அம்மா கோயிலிலிருந்து வந்து தேங்காய் மூடியைத் துருவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"செத்துச்சா?"

முக்கால்வாசி செத்துவிட்டன, படிப்பு நிற்காது என்றேன். அம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். அர்ச்சனை யார் பெயருக்கு என்று கேட்டேன். என் பெயருக்குத்தானாம். என்ன வேண்டிக்கொண்டாய் என்றேன். அம்மா சாமி படத்தின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு விடாம எல்லாம் சாகணும்னு."