அடுப்புக்குப் பின்னால் வைத்த பலகை

எங்கள் வீட்டில் சமையலறையைப் பிரிப்பது ஒரு பிளைவுட் தடுப்பு. அடுப்புச் சூட்டில் அது கருகத் தொடங்கியதும், அதன்மேல் அடிக்க ஏதாவது தேடி, புளியந்தோப்பில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். தகரம் சூடேறும், டைல்ஸ் பிளைவுட்டில் நிற்காது. கடைக்காரர் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் பலகையைத் தட்டிக் காட்டினார். "நெருப்பு வச்சாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது மாமு." நான்தான் பொறுக்கி எடுத்தேன்.

அதில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு சோப்புக்குப் போகாது. போகிக்குப் போகி என் மனைவி அதை உப்புத்தாளால் வெள்ளையாகும்வரை தேய்ப்பாள். பறக்கும் தூளையும் அவளே பெருக்குவாள். பதினெட்டு வருஷம் இப்படி.

போன மாதம் டாக்டர் அவளுடைய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எந்த ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியில் வேலை செய்தாள் என்று கேட்டார். அவள் எந்த வேலைக்கும் போனதில்லை. நுரையீரல் தழும்பேறிவிட்டதாம், இனி ஆறாதாம். பலகையைப் பிடுங்கவும் கூடாதாம், உடைந்தால் இன்னும் தூள் பறக்குமாம். எந்த மடையன் இதைச் சமையலறையில் வைப்பான் என்று ஆத்திரம் வந்தது. வைத்தவன் நான்.

நேற்று போகி. கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே, "பலகை கலீஜா கீதுய்யா. இந்த வாட்டி தேய்க்காம வுட்டுட்டேன்" என்றாள். பலகைக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.