அழுக்கு மீன்பிடி

அமெரிக்காவில், கேட்டி நகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நார்வே நாட்டவர். நல்ல உயரம், தலையில் எப்போதும் ஒரு நீலத் தொப்பி. சனிக்கிழமை விடிந்தால் தூண்டிலோடு ஏரிக்குக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள், "சாமி புண்ணியத்துல நிறைய மீன் கிடைக்கட்டும் சார்" என்றேன். அவர் முகம் வாடிப்போய், தூண்டிலைத் திரும்பக் காரேஜிலேயே வைத்துவிட்டார்.

"எங்க மீனவங்களை அப்படி வாழ்த்தினா வலை காலியா வரும். 'ஷிட் ஃபிஸ்கெ'ன்னுதான் சொல்லணும்" என்றார். அழுக்கு, மீன்பிடி என்ற இரண்டு சொல்லைச் சேர்த்ததாம். புறப்படுகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மனைவி சிரித்தாள். "இதுல என்னங்க அதிசயம்? மாமாவுக்குக் குப்புசாமின்னு எதுக்குப் பேர் வச்சாங்களாம்?"

உண்மைதான். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், என் அப்பாவைக் குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர் அது.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவரின் கார் அருகே போய் நின்றேன். மனசுக்குள் முருகனை வேண்டிக்கொண்டு, வாயால் "ஷிட் ஃபிஸ்கெ சார்" என்றேன். முதல்முறையாக அந்தத் தொப்பியைக் கழற்றி, கண் கலங்கச் சிரித்தார்.

நேற்று ஏரிக்கரையில் அதே நீலத் தொப்பி தெரிந்தது. எது பலித்தது என்று நான் முருகனிடம் கேட்கவில்லை.