லிஜாவுக்கு அடித்த டிரம்ஸ்

மீனவர் ஊரான இனயத்தில் ஒரு ராக் பேண்ட் இருந்தது என்றால் இன்றைக்கும் சிரிப்பார்கள். அங்கே வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கும் ஜெனின் மட்டும் சிரிக்க மாட்டான், காறித் துப்புவான். அவன்தான் அதில் டிரம்ஸ் அடித்தவன்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கு என்னென்னவோ வந்து இறங்கியது. கிழிந்த கோட்டு, ஒற்றைச் செருப்பு, இங்கிலீஷில் ஆறுதல். பையன்களின் மனம் தேறட்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு கிட்டாரும் ஒரு டிரம்ஸ் செட்டும் கொடுத்தது. ஜெனினின் தங்கச்சி லிஜாவைக் கடல் கொண்டுபோய், உடலாகத் திருப்பித் தந்திருந்தது. அவளைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதவன் அந்த டிரம்ஸ் முன்னால் போய் உட்கார்ந்தான்.

கூட்டாளி லிபின் பாட்டும் கிட்டாரும். தேங்காப்பட்டணத்து ஷமீர் இன்னொரு கிட்டார். லிபினின் மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த சிடிகளில் சைக்கடெலிக் ராக் இருந்தது. ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்து ஆளைக் கிறங்கடிக்கிற சங்கதி. திருவிழா மைக் செட்டுக்காரரின் எக்கோ பெட்டியை இரவல் வாங்கி, அதில் கிட்டாரைச் சொருகி, இவர்களும் கால் மணி நேரம் நீளும் ஒரு பாட்டு உண்டாக்கினார்கள். நடுவில் மற்ற இருவரும் நிறுத்திவிட, ஜெனின் தனியாக அடிப்பான். அது லிஜாவுக்கு. அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் வரக் கூடாது என்று மட்டும் கேட்டான்.

“அது உனக்க இடம் மக்கா, நாங்க தொடமாட்டோம்” என்றான் லிபின்.

நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று மேடைகள் வந்தன. பிறகு நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பவர்களுக்காகச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டல். அங்கே ஜெனின் தனியாக அடிக்கும்போது லிபின் மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, இங்கிலீஷில் ஆரம்பித்தான். தன் தங்கச்சி தன் கையிலிருந்து நழுவிப் போனாளாம். அவனுக்குத் தங்கச்சியே கிடையாது. சுனாமி அன்றைக்குக் கடல் எட்டாத தக்கலையில் சித்தி வீட்டில் போர்த்திப் படுத்திருந்தவன். முன்வரிசை கர்சீப்பை எடுத்தது.

“ஏலே, அவ உனக்க தங்கச்சியாலே?” ஓட்டல் வாசலில் ஜெனின் அவன் சட்டையைப் பிடித்தான்.

“நீ வாயத் திறக்க மாட்ட. யாராவது சொல்லணும்லா? அவங்க அழுதாத்தான் நமக்கு அடுத்த மேடை.”

ஜெனின் சட்டையை உதறி விட்டான். ஆனாலும் அடுத்த மேடையில் போய் உட்கார்ந்தான், அதற்கடுத்த மேடையிலும். கைதட்டல் அவனுக்கும் இனித்தது. லிபினை நினைத்தால் வருகிற அருவருப்பைவிட இதை நினைத்தால் வருவதுதான் இன்றைக்கும் அவனுக்கு அதிகம்.

2009இல் பணம் கொடுப்பவர்கள் இனயத்துக்கே வந்தார்கள். கோயில் மைதானத்தில் மேடை. பெண்கள் பக்கத்தில் ஜெனினின் அம்மை செசிலி உட்கார்ந்திருந்தாள். சொந்த ஊரில் அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டான் என்று ஜெனின் நம்பினான். லிபினோ, இங்கிலீஷ்தானே, ஊருக்கு என்ன விளங்கப்போகிறது என்று வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

நிறுவனத்துப் பெண் ஒருத்தி, நல்லது செய்வதாக நினைத்து, இன்னொரு மைக்கில் அதை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். “என் தங்கச்சி லிஜா...”

லிஜாவைப் புதைத்த ஊர் அது. மைதானம் முழுவதும் செசிலியைத் திரும்பிப் பார்த்தது. செசிலி எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தாள். லிபினை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“ஏன் மக்கா, இதுக்கா நீ கொட்டு அடிச்சிட்டு இருக்க?”

அப்போதுதான் ஜெனின் குனிந்து பார்த்தான். அவன் கைகள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன.