மயில்கழுத்துப் புடவையும் ஒரு கேமரா போனும்

தறிக்குத் தார் சுற்றுகிறவளுக்கு இழை அறுந்தால்தான் ஓய்வு. வலது கை ராட்டையைச் சுற்ற வேண்டும், இடது கை பட்டு இழையை விரலிடுக்கில் பிடித்துத் தார்க்குச்சியில் ஏற்ற வேண்டும். இதோ, இப்போதும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். ஒரு தார் நிறைந்ததும் பக்கத்தில் கிடக்கும் நோட்டை எடுத்து நாலு வரி எழுதுகிறேன். அடுத்த தார், அடுத்த நாலு வரி. எட்டாவதோடு நின்றவள் நான். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வந்தது தாரைப் பற்றி இல்லை, கேமரா போனைப் பற்றி. இப்போது ஆரணி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவங்க கையில்கூட ஒன்று இருக்கிறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவுக்கே ஒன்றுதான். அதுவும் என் கையில். அந்த முதல் போனோடு மல்லுக்கட்டினவங்க உங்களில் நிறையப் பேர் இருப்பீங்க. உங்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

பாப்பாவுக்கு அப்போது ஒரு வயசு. ஒரு தறியை வைத்துக் குடும்பம் ஓட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா களம்பூர் ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போகிறவங்க. எனக்கும் அங்கே சொல்லி வைத்திருந்தாங்க. ஆனால் மில்லுக்குள் குழந்தையை விட மாட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் தறிக்குழியில் காலை இறக்கினார் என்றால், பாப்பா தவழ்ந்து தெருவுக்கே போனாலும் அவருக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் முதலாளி வந்தார். எங்கள் தெருத் தறிகளுக்கு நூல் கொடுத்துப் புடவை வாங்கிக்கொள்கிறவர். பெங்களூரில் கடை வைத்திருக்கிற ஒரு அம்மாவுக்கு, புடவை தறியிலிருந்து அறுத்த அன்றைக்கே படம் போக வேண்டுமாம். “வீட்லயே இருந்துகினு படம் எடுத்து அனுப்பும்மா, புடவைக்கு இவ்ளோன்னு குடுத்துடறேன். ரெண்டு மாசம் பாக்கறேன், சரிப்படலைன்னா வேற ஆளு” என்று போனை நீட்டினார். நான் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயே திறக்க மாட்டேன். படம் எடுக்கப் பேச வேண்டாமே என்று கதவுக்குப் பின்னாலிருந்தே தலையாட்டிவிட்டேன். போன் கையில் இருக்கும்வரை பாப்பா என் இடுப்பில், போன் திரும்பிப் போனால் நான் களம்பூர் பஸ்ஸில். அவ்வளவுதான் கணக்கு.

இது எந்தப் புடவை?

முதல் நாள் ஐந்து படம் எடுத்தேன். போனைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும், விழுந்தால் அவ்வளவுதான் என்ற பயம். கெட்டியாகப் பிடித்ததில் ஐந்தாவது படத்துக்கு என் ஆள்காட்டி விரல் பின்பக்கம் இருந்த அதன் கண் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. திரையில் என்னவோ சிவப்பாகத் தெரிந்தது. தபால் உறை மாதிரி ஒரு சின்னப் படம் பறந்து பறந்து, அனுப்பியாச்சு என்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்து அந்தப் படத்தைக் காட்டினார். வெயிலுக்கு எதிரே பிடித்த விரல், செம்மஞ்சளாக, நடுவில் கொஞ்சம் ரோஸாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “நாலு புடவை பத்திப் பேச்சே இல்லம்மா. அஞ்சாவதா ஒரு குங்குமப்பூ கலரு அனுப்பிச்சியாமே, அதுக்கு பார்டர் இன்னா கலருன்னு கேக்கறாங்க.”

பொட்டு வைக்கிற இடம்

அந்தப் போனில் கேமராக் கண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு பொட்டளவுக் கண்ணாடி இருந்தது. தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்கிறவர்கள் அதில் மூஞ்சி பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மூஞ்சி எங்கே தெரிகிறது? ஒரு கண் தெரியும், இல்லாவிட்டால் ஒரு மூக்குத்தி தெரியும்.

ஆனால் நெற்றி நடு சரியாகத் தெரியும். மல்லிகா அக்காதான் அதைக் கண்டுபிடித்தாங்க. காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது எங்கள் வாசலில் நின்று, போனை வாங்கிப் பொட்டு வைத்துக்கொண்டு போவாங்க. அடுத்த வாரம் அவங்களோடு பஸ் ஏறுகிற நாலு பேரும் வந்தார்கள். பொட்டுப் பசை ஒட்டி ஒட்டி, புடவைப் படத்தில் எல்லாம் பனி மூட்டம். துணியால் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், வாயைத் திறந்து அக்காவிடம் மெதுவாகச் சொல்லியும் விட்டேன். அக்காவுக்கா வருத்தம்? போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாங்க: “ஏண்டி, இத்தினி பட்டன் இருக்குதே, இதுல ஒழுங்கா வேலை செய்றது இந்தக் கண்ணாடி ஒண்ணுதாண்டி, அதையும் வேணாங்கறியே!”

அசையாமல் நில்

எங்கள் வீட்டில் தறி ஓடும்போது தரையே லேசாக அதிரும். பழகிப்போன எங்களுக்குத் தெரியாது. அந்தப் போனுக்குத் தெரிந்தது. தறிப் பலகை ஒரு அடி அடித்தால் படத்தில் ஜரிகைப் பூ ரெண்டு ரெண்டாகத் தெரியும். ரெண்டு அடி விழுந்தால் புடவையே கலங்கின தண்ணியில் மிதக்கிற மாதிரி இருக்கும். பட்டனை அமுக்கினதும் எடுத்துவிடுகிற போனா அது? அமுக்கினபின் ஒரு மூச்சு விட்டு, யோசித்து, அப்புறம்தான் டக் என்று சத்தம் போடும்.

அதனால் ஒவ்வொரு படத்துக்கும் “ஏங்க, நிறுத்துங்க” என்பேன். அவர் மிதிப்பலகையில் இருந்து காலை எடுப்பார். டக். “ம், ஓட்டுங்க.” மறுபடி “ஏங்க.” எதிர் வீட்டுப் புடவை, அடுத்த வீட்டுப் புடவை என்று எல்லாம் எங்கள் நடையில்தான் வெளிச்சம் பார்த்து விரிப்பேன். ஒரு நாள் பதினோராவது தடவை நிறுத்தச் சொன்னதும், குறுக்கு இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னாடி பேஜாரா கீது! உன் போட்டோவுக்காக நான் தறிய நிறுத்திகினே இருந்தா, அப்புறம் நீ எதைப் புடிப்ப போட்டோ?”

இடம் இல்லை

அதில் முப்பது முப்பத்தைந்து படத்துக்கு மேல் இடம் கிடையாது. நிறைந்துவிட்டால், இடம் இல்லை, எதையாவது அழி என்று நிற்கும். எதை அழிப்பது? பாப்பா முதல் முதலாக எதையும் பிடிக்காமல் நடந்தது அந்தப் போனில்தான் இருந்தது. தறிக் கம்பத்திலிருந்து கையை எடுத்துவிட்டு ரெண்டு எட்டு. அது ஒரு படம். மூன்றாவது எட்டில் விழுந்து சிரித்தது. அது ஒரு படம். ரெண்டிலும் ஒன்றைக்கூட என்னால் அழிக்க முடியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு வேறு எதையோ அழித்தேன். அது இன்னும் அனுப்பாத ஒரு கட்டம் போட்ட புடவை. தெரிந்து திரும்ப எடுக்க ஓடுவதற்குள் அந்தப் புடவையை மடித்து, வேறு ஊருக்குப் போகிற கட்டோடு சேர்த்துவிட்டார்கள். பெங்களூர் அம்மா பார்க்காத புடவை, அவங்களுக்கு விற்காத புடவை. முதலாளி போனைக் கேட்டு வாங்கி, உள்ளே ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். ரெண்டு இடத்தில் நின்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது, சொன்னது வேறு: “போட்டோ அழகாத்தான் கீது. ஆனா பாப்பாவை நான் யாருக்கும்மா விக்கறது? இதான் கடைசித் தடவை.”

ரெண்டு அண்ணிகள்

கடைசித் தடவை என்று சொல்லி நாலு நாள்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு மயில்கழுத்துப் புடவை அறுத்தார். நீளவாட்டுப் பாவு நீலம், குறுக்கே போகிற ஊடை பச்சை. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் பச்சை, அந்தப் பக்கம் போனால் நீலம். பட்டுக்காரர்களுக்கு இது பால் வெள்ளை என்கிற மாதிரி, சொல்லவே வேண்டியதில்லை. அதற்குள் புடவைக்கு ரெண்டு படம் என்று ஆகியிருந்தது, உடல் ஒன்று, முந்தி ஒன்று. உடலைக் காலையில் எடுத்தேன். பாப்பா அழுததால் முந்தியை மத்தியானத்துக்கு மேல், வெயில் அந்தப் பக்கம் போனதும் எடுத்தேன். ஒன்று பச்சையாகவும் ஒன்று நீலமாகவும் விழுந்ததைக் கவனிக்காமல் ரெண்டையும் அனுப்பிவிட்டேன்.

பெங்களூரில் ஒரு கல்யாண வீடு. பெண்ணுக்கு ரெண்டு அண்ணி. ஒருத்தர் கட்டுகிறதை இன்னொருத்தர் கட்ட மாட்டாராம். பெரிய அண்ணி பச்சையை எடுத்துக்கொண்டார், சின்ன அண்ணி நீலத்தை எடுத்துக்கொண்டார். கடைக்கார அம்மா ரெண்டு புடவைக்கும் முன்பணம் வாங்கிவிட்டு முதலாளிக்கு போன் பண்ணியிருக்காங்க. அவர் வந்து எங்கள் நடையில் நின்று, “ரெண்டு புடவை எங்கம்மா?” என்றார். நான் இருந்த ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு தைரியம் இல்லை.

விஷயம் புரிந்ததும் அவர் வாசலுக்குப் போய்க் கடைக்கார அம்மாவிடம் போனில் பேசிவிட்டு வந்தார், சத்தம் மட்டும் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “கலரு மாறும்னு நான் போன்ல எவ்ளோ சொல்றேன், அந்தம்மா நம்ப மாட்டேங்குது. ஒண்ணைத் தந்துட்டு ரெண்டுன்னு ஏமாத்தறோம்னு சொல்லுது. நாளைக்குள்ள தெளிஞ்சா சரி. இல்லன்னா போனைக் குடுத்துடு” என்று போய்விட்டார். மல்லிகா அக்கா மதில் மேல் கையை வைத்துக்கொண்டு எல்லாம் கேட்டிருக்காங்க. ஆறுதலாகத்தான் சொன்னாங்க: “உடுடி, நாளான்னிக்கு ஏழு மணி பஸ்ஸு. டிபன் டப்பா என்கிட்ட ஒண்ணு எக்ஸ்ட்ரா கீது.”

பதினைந்து வினாடி

அந்தப் போனில் நான் தொடாமலே வைத்திருந்த ஒரு இடம் உண்டு. பழைய சினிமா மெஷின் மாதிரி ஒரு சின்னப் படம் போட்டிருக்கும். அதை அமுக்கினால் ஓடுகிற படம் எடுக்கலாம், பதினைந்து வினாடிக்கு. மறுநாள் காலையில் அதை அமுக்கினேன். என் வீட்டுக்காரரைப் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகத் திருப்பச் சொன்னேன். நேராக இருக்கும்போது பச்சை, திரும்பும்போது நீலம். இதைப் பார்த்தால் யாருக்கும் புரியுமே.

பாப்பா மட்டும் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதது. அதை அடக்க நான் என் பாட்டுக்குப் பேசிக்கொண்டே எடுத்தேன். எடுத்தேன், அனுப்பினேன், சாமி படத்துக்கு முன்னால் போனை வைத்துவிட்டு ராட்டையில் உட்கார்ந்தேன். ஒரு தார்கூட ஒழுங்காக நிற்கவில்லை, இழை அறுந்துகொண்டே இருந்தது.

மத்தியானம் முதலாளி வந்தார். தன் போனை எடுத்து எங்கள் முன்னால் பிடித்து ஒரு பட்டனை அமுக்கினார். புடவை திரும்பியது. கூடவே ஒரு குரல். “அழாதடி கண்ணு, இங்க பாரு, பச்சக் கிளி வந்துச்சா? இரு இரு... கிளி போச்சு, நீல மயிலு வந்துச்சு! ஒரே பொடவதாண்டி, ஒண்ணே ஒண்ணுதான், திரும்பினா வேற மாதிரி காட்டுது, உன்னாட்டமே கள்ளி!” அதற்கப்புறம் ஆம்பிளைக் குரல்: “கை கடுக்குதுடி, ஜல்தி!”

அந்தப் போனுக்குக் காதும் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட மூலையில் உட்கார்ந்துவிட்டு வருகிறவள் நான். என் குரல் பெங்களூர் வரை போய் வந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் போனேன். அங்கிருந்து மெதுவாக, “மன்னிச்சிடுங்க, பேச்சு சேந்து விழும்னு தெரியாதுங்க” என்றேன். போனை எடுத்துக் கதவிடுக்கு வழியாக நீட்டியும் விட்டேன்.

“அதை ஏம்மா நீட்டற? வெச்சுக்க” என்றார் முதலாளி. கடைக்கார அம்மா அந்த ஓடுகிற படத்தைக் கல்யாண வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாங்களாம். வீடே உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அதே பாவில் இன்னும் ஒரு புடவைக்கு நீளம் இருக்கிறதா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார், அவர் இருக்கிறது என்றார். முதலாளி முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். “ரெண்டு அண்ணிக்கும் இதே பொடவதான் வேணுமாம்பா. இப்ப சண்டையே வேற. மண்டபத்துல யாரு எந்தப் பக்கம் நிக்கறதுன்னு!”

அதற்குப் பிறகு

ரெண்டு மாசம் என்றது ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. பாப்பா இப்போது பால்வாடிக்குப் போகிறது. மல்லிகா அக்கா அந்த டிபன் டப்பாவை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாங்க. ஆனால் பெங்களூர் அம்மா சும்மா படம் அனுப்பினால் வாங்குவதில்லை, “பேசற பொடவதான் வேணும், அந்தப் பொண்ணையே பேசச் சொல்லுங்க” என்கிறாங்க. பாப்பா பக்கத்தில் இல்லாத நேரத்திலும் இல்லாத பாப்பாவிடம் பேசுகிற மாதிரி நான் பேச வேண்டியிருக்கிறது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

ஆக, என்னை மாதிரி மல்லுக்கட்டின உங்களுக்கெல்லாம் ஒரே வரியில் சொல்வதென்றால், வெட்கப்படுகிறவர்கள் கேமரா போன் வேலைக்குப் போகவே கூடாது, குரலைக் கேட்டார்கள், கொடுத்தேன், இனிமேல் மூஞ்சியையும் காட்டச் சொன்னார்கள் என்றால் அன்றைக்கே நான்... இருங்க, வீட்டுக்காரரு கூப்பிடறாரு, புடவையை அறுத்துட்டாராம், வெயில் இறங்கறதுக்குள்ள போனை எடுத்துகினு...